கால் அழுத்தமும் காற்றழுத்தமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"வண்டியை ஓட்டத் தெரிந்தவன் பாதி டிரைவர்; நிறுத்தத் தெரிந்தவன்தான் முழு டிரைவர்" என்பது என் தந்தையார் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அவர் இருபத்தெட்டு ஆண்டுகளாக வேன் ஓட்டிப் பிழைப்பவர். கொல்லிமலை மேலிருந்து பலாவும் வாழையும் மிளகும் இறக்குவார். கீழிருந்து அரிசி மூட்டையும் மளிகையும் ஏற்றுவார். அந்த வேன் கொடுத்த வருமானத்தில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முறையாக ஒருவன் கல்லூரி வாசலை மிதித்திருக்கிறான். அந்த ஒருவன்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் வேன் 1984-இல் பதிவானது. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு 20 வேனும், புனேயில் பஜாஜ் டெம்போ செய்த மெட்டடாரும் நம் சாலைகளில் ஓடிய காலத்து வண்டி அது. 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டிகளையே பழம்பெரும் வண்டிகள் என்று அரசு 2021-இல் விதி செய்திருக்கிறது. அந்தப் பட்டம் எங்கள் வேனுக்குக் கிடையாது. ஆயினும் ஊரில் அதை எல்லோரும் "தாத்தா வேன்" என்றே அழைக்கிறார்கள். டீசல் என்ஜின், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பிரேக்கை அழுத்த உதவும் பூஸ்டர் என்ற கருவி அதில் இல்லை. பெடலை மிதிக்கும் வேலை முழுவதும் டிரைவரின் வலது காலுக்கே உரியது.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அந்த வலது கால்தான் பிரச்சினையாயிற்று. முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்றார் மருத்துவர். ஒரு நாள் மலையிறங்கி வந்த அப்பா, வண்டியை விட்டு இறங்காமல் வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். "ஏனப்பா?" என்றேன். "கால் மடங்க மாட்டேங்குது கண்ணு" என்றார். புது வண்டி வாங்க வழியில்லை. வண்டியை விற்றால் பிழைக்க வழியில்லை. அப்பொழுதுதான் பிரேக் பட்டறை மேஸ்திரி, "ஒரு பூஸ்டர் ஏத்திப்புடலாமுங்க" என்று ஒரு யோசனை சொன்னார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே, அது சரியா வருமா?" என்று கேட்டார்.

ஒன்றரை ஆண்டுப் படிப்பில் என் வீட்டார் என் பாடத்தைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதற்கு விடை தேடிய கதையே இக்கட்டுரை.

நிறுத்துவது ஏன் கடினம்?

ஓடும் வண்டியில் இயக்க ஆற்றல் இருக்கிறது. அதன் அளவு, நிறையில் பாதியைத் திசைவேகத்தின் இருமடியால் பெருக்கினால் வரும். பாரத்தோடு 2,000 கிலோ உள்ள வேன் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 16.7 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் சுமார் 2,78,000 ஜூல். ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரை நம் ஊர் வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும். வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகிவிடும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். "கொஞ்சம் வேகம் கூட்டினால் என்ன?" என்று கேட்கும் நண்பர்கள் இந்த இருமடியை நினைவில் வைப்பது நல்லது.

ஆற்றல் அழியாது, உருமாறும். பிரேக் செய்வதெல்லாம் இந்த இயக்க ஆற்றலை உராய்வின் வழியே வெப்பமாக மாற்றுவதுதான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்பு டிரம்மின் உட்புறத்தில் இரண்டு பிறை வடிவ ஷூக்கள் உள்ளன. அவற்றின் மேல் லைனிங் ஒட்டப்பட்டிருக்கும். பெடலை மிதித்தால் ஷூக்கள் விரிந்து டிரம்மில் உரசுகின்றன. டிரம் சூடாகிறது, வண்டி நிற்கிறது. மலையிறங்கிய வண்டியின் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனவர்களுக்கு இந்த விதியைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாஸ்கல் செய்த உதவி

டிரைவரின் கால் ஓரிடத்தில் இருக்கிறது. ஷூக்களோ நான்கு மூலையில் இருக்கின்றன. காலின் விசையை நான்கு மூலைக்கும் சமமாகக் கொண்டுபோவது எப்படி? பழைய மோட்டார்களில் கம்பியும் கயிறும் பயன்பட்டன. ஒரு பக்கக் கம்பி சற்றுத் தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிரெஞ்சு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல் (1623–1662) கண்ட விதி இந்தக் குறையைத் தீர்த்தது. அடைபட்ட பாய்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்பது அவ்விதி. 1921-இல் வெளிவந்த டூசன்பர்க் என்ற அமெரிக்கக் கார், நான்கு சக்கரத்துக்கும் திரவ பிரேக் வைத்து விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு கம்பிகள் மெல்ல மறைந்தன.

எங்கள் வேனின் கணக்கைப் பார்ப்போம். பெடல் ஒரு நெம்புகோல். எங்கள் வண்டியில் அது விசையை ஏறக்குறைய 5 மடங்காக்குகிறது. அப்பா எவ்வளவு அழுத்துகிறார் என்று அறிய, பக்கத்து வீட்டிலிருந்து எடை பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி வந்து சுவரோரம் நிறுத்தினேன். அவரை எதிரே நாற்காலியில் உட்கார வைத்து, அவசரமாக பிரேக் பிடிப்பதுபோல் மிதிக்கச் சொன்னேன். முள் 45 கிலோ காட்டியது. நெம்புகோலின் மறுமுனையில் அது 225 கிலோ விசையாகிறது. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 1 அங்குலம்; அதன் பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். ஆகவே எண்ணெயில் ஏற்படும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 45 கிலோவை ஒட்டி வருகிறது. இந்த அழுத்தமே ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சிறு பிஸ்டன்களைத் தள்ளி ஷூவை விரிக்கிறது.

கணக்கு அழகாக வந்தது. ஆனால் மூன்றாம் முறை மிதித்தபோது முள் 30-ஐத் தாண்டவில்லை. அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அந்த எண்ணை நோட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை. மலைப்பாதையில் மூன்றே முறையா பிரேக் பிடிக்கிறார்கள்?

பூஸ்டர் இல்லாமல் இத்தனை காலம் வண்டிகள் எப்படி ஓடின என்று கேட்கலாம். டிரம் பிரேக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. டிரம் சுற்றும் திசையில் முன்னே நிற்கும் ஷூவை, உராய்வே மேலும் டிரம்முக்குள் இழுத்து இறுக்கிவிடும். இது இலவசமாகக் கிடைக்கும் உதவி. தட்டு வடிவ டிஸ்க் பிரேக்கில் இந்த உதவி இல்லை. அதனால்தான் டிஸ்க் பிரேக் வைத்த கார்களிலும் வேன்களிலும் பூஸ்டர் இன்றியமையாததாயிற்று.

வெற்றிடம் என்னும் வேலைக்காரன்

பூஸ்டர் என்றால் ஏதோ சிக்கலான இயந்திரம் என்று நினைத்திருந்தேன். மேஸ்திரி அறுத்துப் போட்டிருந்த பழைய பூஸ்டர் ஒன்றைக் காட்டியபோது வியந்தேன். ஒரு தகரச் சட்டி, நடுவே ஒரு ரப்பர் டயஃப்ரம், ஒரு தண்டு, ஒரு சிறு வால்வு. அவ்வளவுதான்.

இதில் வேலை செய்வது நம்மைச் சுற்றியுள்ள காற்று. காற்று நம்மைச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ வீதம் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் நாம் அதை உணர்வதில்லை. ஒரு பக்கக் காற்றை எடுத்துவிட்டால் மறுபக்கக் காற்றின் பலம் தெரியும். 1650-களில் ஜெர்மனியில் ஆட்டோ ஃபான் கெரிக்கே, இரண்டு அரைக்கோளக் கிண்ணங்களைச் சேர்த்து உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினார். இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவை எளிதில் பிரியவில்லை. மாக்டபர்க் அரைக்கோளங்கள் என்று நாம் படிக்கும் அந்தச் சோதனைதான் பூஸ்டரில் வேலை செய்கிறது. இதைப் பிரேக்கோடு சேர்க்கும் முயற்சிகள் 1920-களில் நடந்தன. பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் ஆல்பர்ட் டெவான்டர் அம்முயற்சியில் முன்னோடி.

பூஸ்டரின் டயஃப்ரம் உள்ளறையை முன், பின் என இரண்டாகப் பிரிக்கிறது. கால் பெடலில் இல்லாதபோது இரண்டு அறைகளும் ஒன்றோடொன்று திறந்திருக்கும். இரண்டிலும் காற்று குறைந்தே இருக்கும். ஆகவே டயஃப்ரம் அசையாது. பெடலை மிதித்தவுடன் வால்வு முதலில் இரு அறைகளுக்கும் இடையிலுள்ள வழியை அடைக்கிறது. பிறகு வெளிக்காற்றைப் பின் அறைக்குள் விடுகிறது. இப்போது பின்னால் முழுக் காற்றழுத்தம், முன்னால் வெற்றிடம். டயஃப்ரம் முன்னோக்கித் தள்ளப்பட்டு, அதோடு சேர்ந்த தண்டு மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. காலை எடுத்தால் வெளிக்காற்று வழி அடைபட்டு, இரு அறைகளும் மீண்டும் சேர்ந்துகொள்ள, ஸ்பிரிங் டயஃப்ரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

பாதி மிதித்தால் பாதி பிரேக்தானே வேண்டும்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். தண்டின் நடுவே ஒரு கெட்டியான ரப்பர் வில்லை இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் எதிர்விசை அதை நசுக்க, அது வால்வைப் பின்னோக்கித் தள்ளி, மேலும் காற்று நுழையாமல் தடுக்கிறது. எனவே கால் எவ்வளவு கேட்கிறதோ அதற்கு ஏற்ற விகிதத்திலேயே உதவி கிடைக்கும். பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்ற உணர்வும் காலுக்குத் திரும்பி வரும்.

இனி கணக்கு. டயஃப்ரத்தின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். இருபக்க அழுத்த வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ என்று கொண்டால், கிடைக்கும் விசை சுமார் 220 கிலோ. அப்பா தன் முழு பலத்தையும் கொடுத்து நெம்புகோலின் மறுமுனையில் உண்டாக்கிய அதே அளவு! பூஸ்டர் மொத்த விசையை 3 மடங்காக்கும்படி அமைந்தால், கால் 15 கிலோ அழுத்தினால் போதும். அது நெம்புகோலில் 75 கிலோவாகும்; காற்று 150 கிலோ சேர்க்கும்; ஆக 225. முன்பு 45 கிலோ கேட்ட வேலைக்கு இப்போது 15 கிலோ. இந்தக் கணக்கை முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மேஸ்திரியிடம் பாடம்

மறுநாள் படம் வரைந்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். என்ஜின் காற்றை உள்ளிழுக்கும் குழாயிலிருந்து ஒரு ரப்பர் குழாயைப் பூஸ்டருக்கு இணைத்திருந்தேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. மேஸ்திரி படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது பெட்ரோல் வண்டிக்குங்க. டீசலுக்கு ஏது வாக்கம்?" என்றார்.

அவர் சொன்னது சரியே. பெட்ரோல் என்ஜினில் காற்று நுழையும் வழியில் ஒரு கதவு உண்டு. ஆக்சிலேட்டரை விட்டால் அது மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் காற்றை இழுக்க, கதவுக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகும். அதையே பூஸ்டருக்கு எடுத்துக்கொள்ளலாம். பொதுவாக டீசல் என்ஜினில் அந்தக் கதவு இல்லை. காற்று தாராளமாக நுழையும். செலுத்தும் டீசலைக் கூட்டிக் குறைத்தே வேகம் மாறும். ஆகவே டீசல் வண்டிக்கு வெற்றிடம் உண்டாக்கத் தனியாக ஒரு பம்ப் வேண்டும். நம் நாட்டு டீசல் வண்டிகள் பலவற்றில் இது ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டு, என்ஜின் எண்ணெயால் மசகிடப்படுகிறது. எங்கள் வேனில் இருந்ததோ பழைய டைனமோ. அதைக் கழற்றிவிட்டு வாக்கம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் மாட்டி, எண்ணெய் போக ஒரு குழாயும், திரும்பி வர ஒரு குழாயும் இட வேண்டியதாயிற்று.

எட்டாம் வகுப்போடு நின்றவர் மேஸ்திரி. நான் மூன்று நாள் கணக்குப் போட்டும் காணாத ஒன்றை மூன்று விநாடியில் கண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் என் நோட்டை வாங்கி, 314 எப்படி வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "அதுதான் பெரிய சட்டி வச்சா லேசா இருக்குதா! இத்தன வருசமா மாட்டறேன், இப்பத்தானுங்க ஏன்னு தெரியுது" என்றார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் கூட்டாளிகள்.

பூட்டிய கதை

பூஸ்டர் ஏற்றுமுன் இரண்டு வேலைகள் நடந்தன. முதலாவது அனுமதி. வண்டியின் பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. ஆகவே நம் ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர் எனப்படும் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் முன்னதாகவே போய் விவரம் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். இரண்டாவது, உள்ள பிரேக்கைச் செம்மை செய்வது. "ஓட்டைப் பானைக்கு மூடி எதுக்கு?" என்றார் மேஸ்திரி. டிரம்களைக் கடைசலில் கொடுத்துச் சீராக்கினோம். லைனிங், சக்கர சிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாம் புதிதாக மாற்றினோம். பிரேக் எண்ணெயும் மாற்றினோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 தர எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி 140 டிகிரியோடு திருப்தியடைகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது.

பழைய மாஸ்டர் சிலிண்டரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழிதான். ஒரு குழாய் ஒழுகினால் எல்லாம் போயிற்று. ஆகவே டிரம் பிரேக்குக்கு ஏற்ற இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரையே பூஸ்டரோடு வைத்தோம். முன் சக்கரங்களுக்கு ஓர் அறை, பின் சக்கரங்களுக்கு ஓர் அறை. பூஸ்டர் நிற்க இடமில்லாததால் தரைக்குக் கீழே சேசிஸில் கனமான தகட்டால் தாங்கி செய்து பற்றவைத்தார் மேஸ்திரி. தாங்கி வளைந்தால் காலின் விசை அதை வளைப்பதிலேயே வீணாகும். வாக்கம் குழாயும் சாதாரண ரப்பராக இருக்கக் கூடாது. வெளிக்காற்று அதை நசுக்கி ஒட்டவைத்துவிடும். அதற்கென்று உள்ள கனத்த குழாயே வேண்டும்.

கடைசியில் ஒரு சிறு வேலை மிஞ்சியது. பூஸ்டரின் தண்டுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் இடையே மயிரிழைபோல் ஓர் இடைவெளி விட வேண்டும். "நீங்க அளந்து சொல்லுங்க தம்பி" என்று அந்தப் பொறுப்பை மேஸ்திரி என்னிடம் கொடுத்தார். நான் பெருமையோடு சட்டைப் பையிலிருந்த ஸ்கேலை எடுத்து அளந்து, "சரியாக இருக்கிறது" என்றேன்.

அப்பா வண்டியை எடுத்தார். பெடலில் கால் வைத்தவுடன், "பஞ்சாட்டம் இருக்குது மேஸ்திரி" என்றார். மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. பெடல் பஞ்சு போலிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். பிறகுதான் தெரிந்தது, அப்பா சொன்னது "லேசாக இருக்கிறது" என்ற பொருளில் என்று. எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு நாலு கிலோமீட்டர்கூட நீடிக்கவில்லை. வண்டி கனமாக இழுத்தது. கருகிய நாற்றம் வந்தது. நிறுத்தி இறங்கிப் பார்த்தால் நான்கு டிரம்களும் நெருப்பாய்ச் சுட்டன. பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டிருந்தது. லைனிங் சரியில்லை என்றேன் நான். மேஸ்திரி எதுவும் பேசாமல் கீழே படுத்து, பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்க்கும் நட்டுகளை இரண்டு புரி மட்டும் தளர்த்தினார். சக்கரங்கள் உடனே விடுபட்டன. "தண்டு நீளமுங்க தம்பி" என்றார்.

மாஸ்டர் சிலிண்டரில் ஊசித் துவாரம் போன்ற ஒரு வழி உண்டு. பிஸ்டன் முழுவதும் பின்னே வந்தால்தான் அது திறக்கும். சூட்டில் விரியும் எண்ணெய் அதன் வழியே மேலேயுள்ள டப்பாவுக்குத் திரும்பும். தண்டு சற்று நீண்டதால் பிஸ்டன் முழுவதும் திரும்பவில்லை. துவாரம் மூடியே இருந்தது. உராய்வால் சூடு, சூட்டால் எண்ணெய் விரிவு, விரிவால் அழுத்தம், அழுத்தத்தால் மேலும் உராய்வு என்று சுழன்று இறுக்கிவிட்டது. என் ஸ்கேல் காட்டாத ஒரு மில்லிமீட்டர் செய்த வேலை அது.

முதலாண்டு ஆய்வகத்தில் எங்களுக்குத் தந்த முதல் சோதனை வெர்னியர் காலிப்பர். "இதில் என்ன இருக்கிறது?" என்று பக்கத்து நண்பனின் அளவுகளைப் பார்த்து எழுதியவன் நான். அன்று சாலையோரத்தில் புகையும் சக்கரத்தின் பக்கத்தில் நின்றபோது அந்த ஆய்வகம்தான் நினைவுக்கு வந்தது. இது மலையில் நடந்திருந்தால்? சூட்டில் எண்ணெய் கொதித்திருந்தால்? வண்டியில் இருந்தவர் என் தந்தை. நான் அழுதுவிட்டேன். அப்பா என் தோளில் கை வைத்து, "சமதரையிலதானே தெரிஞ்சுது, உடு" என்றார். மேஸ்திரி தன் பெட்டியிலிருந்து வெர்னியரை எடுத்து என்னிடம் நீட்டினார். இம்முறை அதன் ஆழமுள்ளால் மூன்று தடவை அளந்து, சராசரி எடுத்து, அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம்.

பூஸ்டர் செய்யாதவை

வேலை முடிந்த மகிழ்ச்சியில் எங்கள் பேராசிரியரிடம், "ஐயா, இனி எங்கள் வேன் பாதித் தூரத்தில் நின்றுவிடும்" என்றேன். அவர், "வண்டியை நிறுத்துவது எது?" என்று கேட்டார். "பிரேக்" என்றேன். "இல்லை, சாலை" என்றார்.

சிந்தித்தபோது புரிந்தது. பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. சக்கரத்துக்கும் சாலைக்கும் உள்ள உராய்வே வண்டியை நிறுத்துகிறது. உராய்வு எண் 0.7 உள்ள காய்ந்த சாலையில் 60 கிலோமீட்டர் வேக வண்டி நிற்கக் குறைந்தது 20 மீட்டர் வேண்டும். 0.4 உள்ள ஈரச் சாலையில் 35 மீட்டர். கண் கண்டு கால் அசைய ஒரு விநாடி ஆனால் அதற்குள் ஓடும் 17 மீட்டர் தனி. எந்தப் பூஸ்டரும் இந்த எண்களைக் குறைக்காது. களைத்த காலுக்கும் அந்த எல்லைவரை பிரேக் பிடிக்கும் பலத்தைத் தருவதே அதன் வேலை. அதற்கு மேல் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். முதல் வாரம் அப்பா பழைய பழக்கத்தில் ஓங்கி மிதித்து, பலாப்பழங்கள் எல்லாம் முன்னே உருண்டு வந்தன. கால் புதிதாகப் பாடம் கற்க ஒரு மாதமாயிற்று.

மலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். 2,000 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொண்டால் இழக்கும் நிலை ஆற்றல் 1 கோடியே 96 லட்சம் ஜூல். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70 முறை நிறுத்துவதற்குச் சமம் அது. வளைவுக்கு ஒன்று! இத்தனை வெப்பத்தையும் டிரம்மில் ஏற்றினால் லைனிங் பிடிப்பிழக்கும். ஆகவே ஏறிய கியரிலேயே இறங்கி, என்ஜினையே வண்டியைப் பிடிக்க விட வேண்டும். பூஸ்டர் வந்தபின்பும் இந்த விதி மாறவில்லை.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு உருட்டும் பழக்கம் பழைய டிரைவர்கள் சிலரிடம் உண்டு. பூஸ்டர் வண்டியில் அது ஆபத்து. என்ஜின் நின்றால் வாக்கம் பம்பும் நிற்கும். சட்டியில் தங்கிய வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்கே வரும். பிறகு முழுப் பாரமும் காலுக்குத்தான். மலைமேல் காற்றே மெலிவு என்பதையும் மறக்கக் கூடாது. 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. பூஸ்டரின் உச்ச பலமும் அந்த அளவு குறையும்.

பூஸ்டர் நலமாக இருக்கிறதா என்று யாரும் சோதிக்கலாம். என்ஜினை நிறுத்திவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு காலை அழுத்தியபடியே என்ஜினைக் கிளப்புங்கள். பெடல் சற்றுக் கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. மிதித்தபடியே என்ஜினை நிறுத்தி அரை நிமிடம் பாருங்கள். பெடல் மேலெழாவிட்டால் கசிவில்லை. அப்பா தினமும் காலையில் சாமி படத்துக்குப் பூ வைத்ததும் செய்யும் முதல் வேலை இப்போது இதுதான்.

முடிவாக

வேனில் ஒரு பூஸ்டர் ஏற்றியது பெரிய கண்டுபிடிப்பல்ல. பட்டறைகளில் நாள்தோறும் நடப்பதுதான். ஆனால் பாஸ்கலும் கெரிக்கேயும் தேர்வுத்தாளுக்காக மட்டும் பிறந்தவர்கள் அல்லர் என்பதை எனக்கு அது உணர்த்தியது. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நம் வீடுகளில் தறி இருக்கிறது, கிணற்று மோட்டார் இருக்கிறது, செக்கு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நம் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றை இயக்கும் கைகளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தது அவர்களுக்குப் புதிது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

இந்த ஆண்டு எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். ஆய்வாளர் பிரேக்கைச் சோதித்துவிட்டு, "யார் பண்ணினது?" என்று கேட்டார். அப்பா என் பக்கம் கை காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "மேஸ்திரியும் பையனுமுங்க" என்றார். அதுவே சரியான விடை.